ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

கொம்புக்கல் எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்வது கிடையாது. நம்பாதவர்கள் பாலக்காட்டு ஆபீஸுக்குப் போய் ரிக்கார்டைப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்க விட மாட்டார்கள், அது வேறு சங்கதி. முப்பது வருஷத்துக்கு மேலாகத் திங்கள் தொடங்கிச் சனி வரை அந்த மலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சொட்டு விழுந்ததாக எழுத்து இல்லை. இந்த அதிசயத்தைக் கண்டுபிடித்து, தரம் பிரித்து, முத்திரை குத்தி, அலமாரியில் வைத்துப் பூட்டிய புண்ணியவான்களைப் பற்றியும், அவர்களிடம் தானாகப் போய் மாட்டிக்கொண்ட சூசையப்பனைப் பற்றியும்தான் இந்தக் கதை.

எஸ்டேட் சின்னக்கானலுக்கு மேலே இருந்தது. தேயிலை ஸ்டோருக்குப் பின்னால், கம்பி வேலிக்குள் ஒரு செப்பு உருளை நட்டிருக்கும். மழைமானி என்பது புத்தகத்துப் பேர். மலையில் அதற்கு மழைக்குப்பி. காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும், உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் கிளாஸில் ஊற்றிப் பார்த்து, இத்தனை இஞ்சு என்று ஹெட் கிளார்க்கிடம் சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொள்வார். ஸ்டோரில் சூசையப்பன் பார்த்த மற்ற வேலைகளோடு இதுவும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் அத்தனை பேரும் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, மலை தாண்டி மாதா கோயில் பூசைக்குப் போய்விடுவார்கள். பூசை நாளில் கூலி கிடையாது, கூலி இல்லாத நாளில் அளவும் கிடையாது என்று எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சேர்ந்த மழை குப்பியிலேயே கிடந்து, திங்கட்கிழமை மழையோடு சேர்த்து ஊற்றப்படும். திங்கட்கிழமைக் கணக்கு எப்போதும் கொழுத்துப்போய் இருக்கும்.

ஞாயிற்றுக்கு நேரே முதலில் ஒன்றும் எழுதாமல்தான் விட்டார்கள். இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று தேவிகுளம் தாலுகா ஆபீஸிலிருந்து தாளைத் திருப்பி அனுப்பினார்கள். சரி, பூஜ்யம் போட்டு அனுப்பினார்கள். மேலிடத்துக்குத் திருப்தி. இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. அந்தப் பூஜ்யத்தை நம்புகிற அளவுக்கு மலையில் யாரும் மடையனாக இருக்கவில்லை.

சூசையப்பனுக்கு மழைக் கணக்கின் மேல் திடீரென்று அக்கறை வந்தது அவன் பெண்டாட்டி பிலோமி விழுந்த பிறகுதான். கொழுந்துக் கூடையோடு பாறையில் சறுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, மழைக்காலம் முடியும் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதுகில் சுமந்து போகவும் வழியில்லை. கட்டிலோடு நாலு பேர் தூக்கினால் உண்டு. அவர்கள் வீடு ஏழாம் நம்பர் லயத்தில். அந்த லயத்துக்கு மேலே போன வருஷம் ரோடு போடுகிறேன் என்று மலையின் காலை வெட்டிவிட்டார்கள். வெட்டின இடத்தில் மண் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மழை பெய்தால் பின்சுவர் வழியாகச் செம்மண் தண்ணீர் கசிந்து கட்டிலுக்கு அடியில் ஓடும். பிலோமி படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரே நாளில் எட்டு இஞ்சுக்கு மேல் பெய்தால் ஏழாம் லயத்தைக் காலி செய்து ஜனங்களை ஸ்டோர் மாடியில் தங்க வைக்க வேண்டும் என்று எஸ்டேட்டில் ஒரு உத்தரவு இருந்தது. அந்த உத்தரவுக்குத்தான் அந்த வருஷம் வந்தது வினை. ஐம்பத்தேழாம் வருஷம் அது. உலகத்து நாடுகள் எல்லாம் கூடி, பூமியில் பெய்வது, வீசுவது, ஆடுவது அத்தனையையும் அளந்து ஓரிடத்தில் சேர்த்துவைப்பது என்று தீர்மானித்திருந்தன. கேரளம் பிறந்து ஒரு வயசு நிரம்பவில்லை. பிறந்த கையோடு பாலக்காட்டில் ஒரு ஆபீஸும் முளைத்தது. அளவுப் பூர்வீக தர நிர்ணயக் காரியாலயம் என்று பேர். 

ஹெட் கிளார்க் இன்னாசிராஜ் சூசையப்பனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏலே சூசை, நீ சொல்லுத இஞ்சு இனிமே இஞ்சு கிடையாதுல. அதுக்குப் பூர்வீகம் வேணுமாம்."

"பூர்வீகம்னா என்னய்யா?"

"எங்க பொறந்துச்சு, யாரு கையில வளந்துச்சு, யோக்கியமான இஞ்சா, கள்ள இஞ்சா, இதெல்லாம் பாலக்காட்டுல பாத்து சர்டிபிகேட்டு குடுப்பாகளாம். சர்டிபிகேட்டு இல்லாத மழைக்கு லயத்தக் காலி பண்ண முடியாதுன்னு நம்ம மேனேஜர் துரை சொல்லிட்டாரு. சும்மா சும்மா காலி பண்ணிட்டா கொழுந்து யாரு எடுப்பா?"

"அப்ப மூணாம் லயத்துல ஒரு வீடு பூட்டிக் கெடக்குல்லாய்யா. அதயாவது தாங்களேன்."

"ஏழாம் லயம் ஆபத்துன்னு ருசு இருந்தாத்தான் மாத்துவாரு. ருசு உன் மழக் கணக்குதான். கணக்குக்குத்தான் சர்டிபிகேட்டு இல்லயே." இன்னாசிராஜ் கெட்டவர் அல்ல. எது மேலேயிருந்து வந்தாலும் அதை அப்படியே கீழே தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

ஆக, பிலோமியைக் கட்டிலோடு தூக்க வேண்டுமானால் பாலக்காட்டு முத்திரை வேண்டும். சூசையப்பன் முப்பது வருஷத்துத் தாள்களை எண்ணெய்த் துணியில் மூட்டை கட்டிக்கொண்டான். "அளவோடு, அளக்கப்பட்ட பொருளின் மாதிரியும் கொண்டுவரவும்" என்று சுற்றறிக்கையில் போட்டிருந்ததால், ஒரு சீசாவில் மழைத் தண்ணீரும் பிடித்துக்கொண்டான். பக்கத்து வீட்டு அன்னமேரியிடம் பிலோமியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மூணாறில் பஸ் ஏறினான்.

மறையூரில் பஸ்ஸை நிறுத்தி ஃபாரஸ்ட் கார்டு ஏறினான். சந்தனக் கடத்தல் நடக்கிற இடம். சீசாவைப் பிடுங்கி மூடியைத் திறந்து முகர்ந்தான், விரலில் தொட்டுப் பார்த்தான், நக்கியும் பார்த்தான்.

"என்ன இது?"

"மழத்தண்ணிங்கய்யா. சர்க்காருக்குக் கொண்டு போறேன்."

"சர்க்காருக்கு மழத்தண்ணியா?"

"மாதிரி பாக்கணும்னு கேட்டுருக்காக."

கார்டு அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சீசாவைப் பக்குவமாக அவன் கையில் கொடுத்து, கண்டக்டரிடம், "இந்த ஆள உடுமலப்பேட்டையில பாத்து எறக்கி விடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அந்தப் பயணத்தில் சூசையப்பனிடம் அன்பாக நடந்துகொண்ட முதல் அரசாங்க ஊழியன் அவன்தான்.

பூர்வீக ஆபீஸ் கல்பாத்திப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. வராந்தாவில் ஏற்கெனவே ஜனம் காத்துக்கிடந்தது. வாளையாற்றில் காற்று அளக்கிற வாத்தியார் ஒருவர், அந்தக் காற்று மெட்ராஸ் ராஜ்யத்துக் காற்றா, இந்தப் பக்கத்தே பிறந்த காற்றா என்று தாசில்தாரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆற்று வெள்ளத்தை அளந்த ஒருவருக்கு, வெள்ளம் வந்தபோது சாட்சியாக நின்ற இரண்டு பேரை அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். சாட்சிகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று அவர் மூன்றாவது தடவையாக மனு எழுதிக்கொண்டிருந்தார்.

பியூன் குப்பண்ணன் சித்தூர்ப் பக்கத்து ஆள். வந்தவர்களைப் பார்த்து அவர் ஒருவர்தான் அந்த ஆபீஸில் பரிதாபப்பட்டார், அதற்குச் சம்பளம் தனியாக இல்லாவிட்டாலும்.

"ஏனுங்க, சீசா கொண்டாந்துட்டீங்களா? நல்லதாப் போச்சுங்க. போன மாசம் ஒருத்தரு நெலநடுக்கம் அளந்தேன்னு வந்தாருங்க. மாதிரி எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிப் போட்டாங்க. அந்தாளு ஊட்டுக்குப் போறப்ப அழுதுக்கிட்டே போனாருங்க."

உள்ளே மூலநிர்ணய அதிகாரி வெங்கிடாசலம் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு தூசி இல்லை. ஒரு தாளும் இல்லை. சுவரை ஒட்டிப் பூட்டிய அலமாரிகள் வரிசையாக நின்றன.

"உக்காராதே. நின்னா மதி. இந்த மழை எந்தத் திக்கிலேருந்து வந்தது?"

"மேக்கால இருந்துங்கய்யா."

"வரச்சே நீ கண்டியா?"

"மழையில கண்ணத் தொறக்க முடியாதேய்யா."

"அப்போ கேள்வி ஞானம்." எழுதிக்கொண்டார். "குப்பியிலேருந்து கிளாஸுக்கு ஊத்தறச்சே கூட யாராவது இருந்தாளா?"

"ஒரு ஆடு நிக்கும்யா சில நேரத்துல."

"ஆடு ஆருடைய ஆடு?"

சூசையப்பன் ஆட்டுக்காரன் பேரைச் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சீசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது எந்தக் கிழமை மழை என்று கேட்டார். புதன்கிழமை என்றான். புதன்கிழமைதான் என்பதற்குச் சீசாவில் அடையாளம் ஒன்றும் இல்லையே என்றார். குப்பண்ணன் ஒரு சீட்டில் புதன் என்று எழுதி ஒட்டினார். வெங்கிடாசலத்தின் முகம் தெளிந்தது.

"நன்னா கேட்டுக்கோ. பொண்ணு பாக்கப் போறோம்னு வெச்சுக்கோ. பொண்ணு லட்சணமா இருக்காளான்னா முதல்லே கேப்பா? குலம் கோத்ரம் தெரிய வேண்டாமோ? அளவும் அப்படியாக்கும். எட்டு இஞ்சு பேஞ்சுதா, பத்து இஞ்சு பேஞ்சுதா, அதிலே எனக்கு ஒரு சிரத்தையும் இல்லை. அது ஆருடைய இஞ்சுன்னு தெரிஞ்சாகணும். இந்தக் காரியாலயம் தொடங்கின நாளிலேருந்து ஒரு தப்பான அளவு இந்த வாசலைத் தாண்டி வெளியிலே போனதில்லை, கேட்டியோ?" அலமாரிப் பூட்டு ஒன்றை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "ஒரு அளவுமே போனதில்லை."

குப்பண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூட்டையைப் பிரித்தார்கள். வெங்கிடாசலம் ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அடுத்த தாளிலும் அதே இடத்தில் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை உங்க ஊர்லே மழை பெய்யறதில்லையோ?"

சூசையப்பன் உள்ளதை உள்ளபடி சொன்னான். பூசை, கூலி, வெள்ளைக்காரத் துரை, தேவிகுளத்துப் பூஜ்யம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல வெங்கிடாசலத்தின் முகம் கறுத்துக்கொண்டே போனது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்போ சொன்னதை வெளியிலே சொன்னியோ?"

"மலையில எல்லாருக்கும் தெரியும்யா."

"மலை கிடக்கட்டும். நான் சொல்லறதைக் கேளு. இந்தக் காரியாலயத்துக்கு வந்ததிலே ஒரு இடம்கூட வெறுமையா இல்லாத ரேகை, ரிக்கார்டுன்னு சொல்லுவாளே, இது ஒண்ணுதான். இப்படி ஒண்ணு அனுப்பறேன்னு டெல்லிக்கு முன்னமே கடுதாசி எழுதியாச்சு. டெல்லியிலேருந்து சீமைக்குப் போறது. முப்பது வருஷத்திலே ஒரு ஞாயித்துக்கிழமை கூட மழை இல்லை. இதுமாதிரி ஒழுங்கு எந்தத் தேசத்து மழையிலே இருக்கு? அளவு மாறிண்டே இருந்தால் சந்தேகப்படணும். மாறாத அளவு முதல் தரமாக்கும்."

"ஆனா பெய்யும்யா. நான் நனஞ்சிருக்கேன்."

"எழுத்து இருக்கா?"

"இல்லய்யா."

"அப்போ பெய்யலை." வெங்கிடாசலம் ஒரு தாளை முன்னால் தள்ளினார். "ரெண்டு வழி இருக்கு. பூஜ்யமெல்லாம் சத்தியம்னு ஒப்புப் போட்டால், முதல் தரம்னு இப்பவே சாட்சிபத்திரம் தரேன். இல்லை, பொய்யின்னு சொன்னால் மொத்தமும் தள்ளுபடி. திங்கட்கிழமை இஞ்சும் போச்சு, செவ்வாய்க்கிழமை இஞ்சும் போச்சு. உங்க எஸ்டேட்டிலே எப்பவுமே மழை பேஞ்சதில்லைன்னு ஆகும். யோசிச்சுக்கோ."

சூசையப்பன் யோசித்தான். மழையே பெய்ததில்லை என்று ஆகிவிட்டால் ஏழாம் லயத்தை எந்தக் காலத்திலும் காலி செய்ய மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தால் மற்ற ஆறு நாளாவது மிஞ்சும். எந்தப் புருஷனும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பான். கையெழுத்துப் போட்டான். வெங்கிடாசலம் முத்திரை குத்தி, அந்த ஆபீஸிலிருந்து முதல் சாட்சிபத்திரம் வெளியே போவதைப் பார்க்க எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து பிலோமியிடம் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம மழ பெய்யாதுன்னா எழுதிக் குடுத்துட்டு வந்திய?"

"உனக்காகத்தான் போட்டேன், பிலோமி. இல்லன்னா ஒண்ணுமே கெடைக்காது."

"சரி. வெளிய போய் அந்த மண்ணுக்கும் ஒருதரம் வாசிச்சுக் காட்டிட்டு வந்துருங்க. அதுக்குத் தெரியாதுல்லா."

துரை சாட்சிபத்திரத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனார். அவருக்கு ஒழுங்கு பிடிக்கும். முதல் தரக் கணக்கை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்ததில், எட்டு இஞ்சுக்கு மேல் மழை பெய்வதெல்லாம் திங்கட்கிழமைதான் என்று தெரிந்தது. திங்கட்கிழமைக் கணக்கில் இரண்டு நாள் மழை இருப்பதை இன்னாசிராஜ் சொல்லியிருக்கலாம். முதல் தரம் என்று முத்திரை விழுந்த பிறகு அதைச் சொல்வது சர்க்காரை அவமதிப்பதாகும் என்று நினைத்து அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே உத்தரவு வந்தது. மழைக்காலம் முடியும் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏழாம் லயம் காலி செய்யப்படும். மற்ற நாட்களில் காலி செய்யத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அறவே ஆபத்து இல்லாததால் அன்று ஸ்டோர் பூட்டியிருக்கும்.

அதன்படி திங்கட்கிழமை தோறும் நாலு பேர் சேர்ந்து பிலோமியைக் கட்டிலோடு தூக்கி, திருவிழாச் சப்பரம் மாதிரி ஆட்டி ஆட்டி ஸ்டோர் மாடிக்குக் கொண்டுபோவார்கள். செவ்வாய்க்கிழமை திரும்பக் கொண்டுவந்து அதே சுவருக்கு அடியில் இறக்குவார்கள். சில திங்கட்கிழமைகளில் வெயில் பளிச்சென்று அடிக்கும். அப்போதும் பானை சட்டியோடு ஏழாம் லயம் முழுவதும் மாடிக்குப் போய் உட்கார்ந்து, கீழே காலியாகக் கிடக்கும் தங்கள் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூணாம் லயத்து வீட்டைப் பற்றிச் சூசையப்பன் மறுபடி கேட்டான்.

"அதான் திங்கக்கிழம திங்கக்கிழம தூக்கிட்டுப் போறோம்லா. பெறவு என்னல?" என்றார் இன்னாசிராஜ்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிடித்த மழை விடியும் வரை நிற்கவில்லை. ஞாயிறு காலையில் பின்சுவரிலிருந்து வந்தது தண்ணீர் அல்ல, சேறு. சூசையப்பன் ஸ்டோருக்குப் பின்னால் ஓடினான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்குப்பி திறக்கப்பட்டது. கிளாஸை நிரப்பி நிரப்பி ஊற்றினான். பதினோரு இஞ்சு.

லயத்தில் ஜனங்கள் குடையும் கம்பளியுமாகப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு ஒரு கை கொடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான்.

"நாளைக்குத் தூக்கத்தான போறோம், சூசை."

"எங்கல கொண்டுபோய் வைக்க? ஸ்டோரும் மூணாம் லயத்து வீடும் பூட்டிக் கெடக்கு. சாவி கிளார்க்கையா இடுப்புல இருக்கு, அவரு அப்பவே கோயிலுக்குப் போயிட்டாரு."

"இன்னிக்கு ஆபத்து கிடையாதுன்னு நீதான கையெழுத்துப் போட்டுட்டு வந்த?" என்று சொன்னவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பிச் சொன்னான். மலையில் அந்தப் பூஜ்யத்தை நம்புகிற ஆட்கள் அதற்குள் உண்டாகிவிட்டார்கள்.

சாவி வாங்கிக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பிலோமிக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தான்.

"ஓடிப் போயிட்டு ஓடி வந்துருதேன்."

"போங்க. அந்த சர்டிபிகேட்ட எம்பக்கத்துல வச்சிட்டுப் போங்க. மண்ணு வந்தா எடுத்துக் காட்டுதேன்" என்றாள் பிலோமி. சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அவன் கையை விட நேரம் பிடித்தது.

கோயிலில் பூசை பாதியில் இருந்தது. முன் வரிசையில் முழங்காலில் நின்ற இன்னாசிராஜின் காதோரம் போய்ச் சூசையப்பன் குனிந்தான். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் சட்டையை நனைத்தது.

"ஐயா, சாவி குடுங்க. பதினோரு இஞ்சு."

"இன்னைக்கு என்ன கிழம?"

"ஞாயிறுய்யா."

"ஞாயித்துக்கிழம உன்ன யாருல அளக்கச் சொன்னா? கூலி எவன் குடுப்பான்?"

"பிலோமி படுத்துக் கெடக்காய்யா."

"பூச முடியட்டும். கோயில்ல சாவிய எடுக்கப்பிடாது."

பூசை முடிந்தது. சாவியும் கிடைத்தது. சூசையப்பன் அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலை தாண்டி ஓடி வந்தபோது, ஏழாம் லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. வெட்டின ரோடு இறங்கி வந்து அங்கே படுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஆண்களோடு சேர்ந்து வெறுங்கையால் தோண்டினான். பொழுது சாய்வதற்குள் பிலோமியை எடுத்தார்கள். லயத்தில் மற்றவர்கள் அத்தனை பேரும் பூசையில் இருந்ததால் வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆண்டவரின் கிருபை என்று எல்லோரும் சொன்னார்கள். சூசையப்பன் காதில் விழும்படியே சொன்னார்கள்.

விசாரணைக்கு வெங்கிடாசலம் நேரிலேயே மலை ஏறினார். தன் அலமாரியிலிருந்து வெளியே போன ஒரே ஒரு சாட்சிபத்திரத்துக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்று அவருக்கு உறக்கம் போயிருந்தது. எஸ்டேட்டில் வேலை கெடக் கூடாது என்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார். மழை சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. குப்பண்ணன் குடை பிடிக்க, சேற்றுக்கு நடுவே பலகை போட்டு அதன் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்னாசிராஜ் பக்கத்தில் கணக்கைப் பிரித்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமை எத்தனை இஞ்சு?"

"பூஜ்யம்ங்க" என்றார் இன்னாசிராஜ்.

"திங்கட்கிழமை?"

"பதினொண்ணுங்க." சூசையப்பன் ஞாயிற்றுக்கிழமை அளந்து சொன்ன பதினோரு இஞ்சை அவர் வழக்கம்போலத் திங்கட்கிழமையில் ஏற்றியிருந்தார்.

"கொள்ளாம், நன்னாயிருக்கு. பதினோரு இஞ்சு பேஞ்சது திங்கட்கிழமை. அப்போ மலை இடிஞ்சதும் திங்கட்கிழமை. விஷயம் தீர்ந்தது."

"ஐயா, ஞாயித்துக்கெழமதான் இடிஞ்சது. நான்தான் தோண்டி எடுத்தேன். அளந்ததும் நான்தான்யா, பதினோரு இஞ்சு, ஞாயித்துக்கெழம காலையில."

வெங்கிடாசலம் அவனைப் பரிவோடு பார்த்தார்.

"முப்பது வருஷமா அளக்காத கிழமை அன்னிக்கு மாத்திரம் ஏன் அளந்தே? பொண்டாட்டி படுத்திருக்கற வீட்டைக் காலி பண்ணச் சொல்லறதுக்கு. சொந்த ஆவசியத்துக்கு அளக்கற அளவு சுத்தமில்லை, கேட்டியோ? அளக்கறவனுக்கு அளவினாலே ஒரு பிரயோஜனமும் இருக்கப்படாது. அப்போதான் அது சாஸ்திரம். நீ அன்னிக்கு அளக்காம இருந்திருந்தால் உன் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்."

குப்பண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "ஏனுங்கய்யா, இன்னிக்கும் ஞாயித்துக்கெழமைதானுங்களே. மழை கொட்டுதுங்களே" என்றார்.

"கொட்டறது தெரியறது. அது மழைன்னு ஆர் நிர்ணயிச்சா? குடையைச் சரியாப் பிடி, கடுதாசி நனையறது."

கடுதாசி நனையாமல் எழுதி முடித்தார். வாசித்தும் காட்டினார். திங்கட்கிழமை ஏழாம் லயத்தைக் காலி செய்யும்படி எஸ்டேட் நிர்வாகம் முன்கூட்டியே உத்தரவிட்டிருந்தும், சூசையப்பன் தன் மனைவியை அன்றைக்கு அங்கேயே விட்டுவைத்ததால், பிலோமி திங்கட்கிழமை மண் சரிந்து இறந்தாள். இதில் அளவின் பேரிலோ, அளவின் தரத்தின் பேரிலோ குற்றம் ஒன்றும் இல்லை. சம்பந்தப்பட்டவன் ஒப்புப் போட்டுவிட்டால் ரேகை பூர்ணமாகிவிடும் என்று சொல்லிப் பேனாவை நீட்டினார்.

சூசையப்பன் பேனாவை வாங்கிக்கொண்டு அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தான்.

"அப்ப ஞாயித்துக்கெழம பூரா அவ உசுரோட இருந்தாளாய்யா?"

"ரேகைப்படி இருந்தா. ஒரு குறைவும் இல்லாம சுகமா இருந்தா. யோசிச்சுப் பாரு, ஒரு நாள் கூடுதல் ஆயுசு. சர்க்கார் வேற ஆருக்கும் இப்படிக் கொடுத்ததில்லை."

"செவ்வாய்க்கெழமன்னு போட முடியுமாய்யா?"

வெங்கிடாசலத்துக்கு அவன் கேட்டது தப்பாகப் படவில்லை. இன்னாசிராஜ் கையிலிருந்த கணக்கை வாங்கி உண்மையாகவே பார்த்தார்.

"முடியாதுப்பா. செவ்வாய்க்கிழமை அரை இஞ்சுதான். அரை இஞ்சுக்கு மலை இடியாது."

சூசையப்பன் சரி என்று தலையை ஆட்டினான். பிறகு குனிந்து, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.